இலைக்கு அடியில் – 6: காற்றைப் பிடித்த கண்ணாடி

சென்ற வாரம்: 1869 மே மாதம். இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில், காப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சைகளை ஆராய்வதில் கரைகண்ட பாதிரியார் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி, அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பூஞ்சைக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. சுமார் ஐந்து ஆண்டுகளில் காப்பி விளைந்த மலைகள் அனைத்திலும் துரு நோய் ஏறிவிட்டது. கடைசியில், 1880-ன் தொடக்கத்தில், 26 வயதைத் தொடவிருந்த ஓர் இளைஞரை அரசாங்கம் இலங்கைக்கு வரவழைத்தது.

இனி…

யோங் பெங்கிற்கும் இதற்கும் என்ன உறவு?

ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் பத்து பகாட், ஒரு பக்கம் குளுவாங், இன்னும் அப்பால் மூவாரும் லாபிசும் என்று சாலைகள் பிரிகின்றன. எந்தச் சாலையைப் பிடித்தாலும் செம்பனை; இடையிடையே ரப்பர். சில வீடுகளின் பின்புறத்தில் மட்டும், அகலமான தடித்த இலைகளோடு லிபெரிக்கா காப்பி மரம் நிற்கும். மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு இந்த இனம்தான். ஜொகூர் மண் அதற்கு உகந்த மண்.

இந்த வட்டாரத்துத் தமிழர்களிடம் “உங்கள் முன்னோர் எதற்காக இங்கே வந்தார்கள்?” என்று கேட்டால், “பால்மரம் வெட்ட” என்ற பதில் உடனே வரும். அது உண்மை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. மலாயாவில் ரப்பருக்கு முன்னே காப்பி இருந்தது. அந்தக் காப்பியைப் பயிரிட்ட துரைமார் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். கங்காணியை ஊருக்கு அனுப்பி ஆள் கட்டும் முறையும் அவர்களோடுதான் வங்கக் கடலைத் தாண்டியது. அவர்களை இலங்கையை விட்டுக் கிளப்பியது எது? இலைக்கு அடியில் இருந்த அந்தப் பொடிதான்.

நம் பாட்டன் பாட்டியின் பயணத்துக்குப் பின்னால் பஞ்சம் இருந்தது, கடன் இருந்தது, சாதிக் கொடுமை இருந்தது. அவற்றோடு ஒரு பூஞ்சையும் இருந்தது. அதனால்தான் யோங் பெங்கின் கதையைச் சொல்ல வந்த இந்தத் தொடர் இன்னும் இலங்கை மலைகளை விட்டு இறங்கவில்லை. இந்த வாரம் முடிவதற்குள் கப்பல் ஏறிவிடுவோம். அதற்கு முன், அந்த இளைஞர் என்ன கண்டுபிடித்தார் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

ஆளுக்கொரு காரணம்

அவர் பெயர் ஹாரி மார்ஷல் வார்ட். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் 1854-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து ஓராண்டுகூட நிறையாத நிலையில் இலங்கைக்கு வந்தார். தரப்பட்ட பதவி, அரசாங்கப் பூஞ்சை ஆய்வாளர். தரப்பட்ட காலம், இரண்டு ஆண்டு.

அவர் வந்தபோது நிலைமை எப்படி இருந்தது? நோய் வருவதற்கு முன் ஒரு ஏக்கரில் சராசரியாக நாலரை அந்தர் காப்பி விளைந்தது. அந்தர் என்பது ஏறத்தாழ 50 கிலோ. பத்தே ஆண்டில் அது இரண்டு அந்தருக்கு இறங்கிவிட்டது. விளைச்சல் பாதிக்கும் கீழே போன அதே ஆண்டுகளில், காப்பி பயிரான நிலப்பரப்பு மட்டும் கூடிக்கொண்டே போய், 1878-ல் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரைத் தொட்டது.

இது எப்படி நடந்தது? உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியிருந்தது. குறைந்த விளைச்சலுக்கும் நல்ல பணம் வந்தது. வந்த பணத்தையும், வாங்கிய கடனையும் போட்டு, துரைமார் இன்னும் காட்டை வெட்டினார்கள், இன்னும் காப்பி நட்டார்கள். விலை ஏற்றம் நோயை மறைத்தது. நோய் பரவப் பரவ அதற்குத் தீனியும் பெருகியது.

காரணம் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மண் களைத்துவிட்டது என்றார் ஒருவர். மழை தவறியதுதான் காரணம் என்றார் இன்னொருவர். உரம் போதவில்லை என்றார்கள் சிலர். மரம் அளவுக்கு மீறிக் காய்த்து ஓய்ந்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். பூஞ்சை ஒன்று இருப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அது நோய்க்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே நலிந்த மரத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதா? வார்டின் முதல் வேலை இந்தக் கேள்விக்குப் பதில் காண்பது.

ஒரு சொட்டு நீர் போதும்

அவர் பொடியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. வடிவத்தில் உரித்த ஆரஞ்சுச் சுளை. ஒரு பக்கம் வழவழப்பு, முதுகுப் பக்கம் முழுக்கச் சிறு முட்கள்.

அந்த வித்துகளை நீர்த்துளியில் இட்டுக் காத்திருந்தார். சில மணி நேரத்தில் வித்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைத்து நீண்டது. ஈரம் இல்லாத இடத்தில் வித்து முளைக்கவில்லை. மழையும் பனியும் சூழ்ந்த மலைத் தோட்டத்தில் இலையின் ஈரம் காயாமல் ஓர் இரவு இருந்தால் போதும். பூஞ்சைக்கு வேறு உதவி தேவையில்லை.

அடுத்தது, முளைத்த குழாய் எங்கே போகிறது என்ற கேள்வி. நோயற்ற இலைகளில் வார்ட் தாமே வித்துகளை வைத்தார். நாள் தவறாமல் பார்த்துக் குறித்தார். இலை மூச்சுவிடுவதற்கென்று அதன் பரப்பில் நுண்ணிய துளைகள் உண்டு. காப்பி இலையில் அவை அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. குழாய் அந்தத் துளையைத் தேடிப் போய் உள்ளே நுழைந்தது. நோய் ஏன் எப்போதும் இலையின் அடியில் தோன்றுகிறது என்பது இப்போது விளங்கியது.

உள்ளே போன பூஞ்சை இழையிழையாகப் பிரிந்து இலையின் சாற்றை உறிஞ்சியது. இரண்டு மூன்று வாரம் வெளியே பெரிய அடையாளம் எதுவும் இல்லை. பிறகு மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளி. அதைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் அதே துளைகள் வழியாக ஆரஞ்சுப் பொடி வெளியே வந்து குவிந்திருந்தது. உள்ளே போகச் சில வித்துகளே போதும். வெளியே வரும் வித்துகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு புள்ளி மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்துகளை உதிர்க்கும் என்பது இன்றைய அறிவியல் சொல்லும் கணக்கு.

நலமான செடியில் வித்தை வைத்தால் நோய் வருகிறது. வைக்காத செடி நலமாகவே இருக்கிறது. வழக்கு தீர்ந்தது. மண்ணும் மழையும் உரமும் குற்றவாளிகள் அல்ல.

மரம் ஏன் காய்ப்பதில்லை என்பதையும் வார்ட் விளக்கினார். பூஞ்சை மரத்தை ஒரே நாளில் கொல்வதில்லை. நோய் கண்ட இலை காலத்துக்கு முன்பே உதிர்கிறது. மரம் தன்னிடம் இருக்கும் சத்தை எல்லாம் செலவழித்துப் புது இலை விடுகிறது. அந்த இலையும் நோய் கண்டு உதிர்கிறது. மீண்டும் தளிர், மீண்டும் உதிர்வு. பழத்துக்குப் போக வேண்டிய உணவு இலைக்கே போய்த் தீர்ந்துவிடுகிறது. இலை விட்டு விட்டே மரம் மெலிந்து சாகிறது.

நோய் எது என்பது தெரிந்துவிட்டது. எப்படி நுழைகிறது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு மலையில் தோன்றியது, பள்ளத்தாக்கைத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத அடுத்த மலைக்கு எப்படிப் போனது?

காற்றுக்கு வைத்த பொறி

பொடி எதிலும் ஒட்டும். காலை முதல் மாலை வரை கிளைகளுக்குள் புகுந்து பழம் பறிப்பவர்களின் துணியில் ஒட்டும். தோட்டத்துக்குள் திரியும் விலங்கின் ரோமத்தில் ஒட்டும். பக்கத்து மரத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் அப்படிப் பரவலாம். ஆனால் பல நூறு சதுர மைல் பரப்பை அத்தனை சீக்கிரம் பிடிக்க அது மட்டும் போதாது.

வார்ட் சிறு கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். அவற்றின் மேல் பிசுபிசுப்பான கிளிசரின் தடவினார். காற்று வரும் வழியில் அவற்றைத் தொங்கவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்.

ஒரு பக்கம் வழவழப்பு, முதுகில் முள். அதே வித்துகள்! கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து வந்தவை கண்ணாடியில் சிக்கியிருந்தன.

எளிய சோதனைதான். ஆனால் பயிர் நோய் ஆராய்ச்சியில் அது ஒரு திருப்பம். இன்று உலகெங்கும் கோதுமைத் துருவுக்கும் காப்பித் துருவுக்கும் காற்றில் பொறி வைத்து வித்து எண்ணுகிறார்கள். அந்தக் கருவிகளின் முன்னோடிகளில் ஒன்று இலங்கைத் தோட்டத்தில் தொங்கிய அந்தக் கண்ணாடித் துண்டு.

ஆனால் காற்று புதிதாக வந்தது அல்லவே! அது காலங்காலமாக அந்த மலைகளில் வீசிக்கொண்டிருந்தது. இப்போது மட்டும் அது நோயைச் சுமக்கும் வாகனமாக மாறியது ஏன்?

இந்த இடத்தில்தான் வார்ட் மிகப் பெரிய உண்மையைத் தொட்டார். காட்டில் ஒரு மரத்துக்குப் பக்கத்தில் அதே இன மரம் நிற்பது அரிது. காற்றில் கிளம்பும் வித்து வேறு வேறு மரங்களின் இலைகளில் விழுந்து வீணாகும். உயர்ந்த மரங்கள் காற்றையே தடுக்கும். துரைமார் அந்தக் காட்டை அடிவாரம் முதல் உச்சி வரை மழித்துவிட்டு, மலைக்கு மலை காப்பியை மட்டும் நட்டிருந்தார்கள். கிளம்பும் வித்து எங்கே விழுந்தாலும் அங்கே காப்பி இலை. குறுக்கே தடுக்க ஒரு மர வரிசைகூட இல்லை. இப்படி ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நிரப்பியதுதான் நோய்க்கு வழி திறந்துவிட்டது என்று வார்ட் எழுதினார். காற்றை மறிக்கும்படி தோட்டங்களுக்கு இடையே மர வேலி வேண்டும் என்பதும் அவருடைய ஆலோசனை.

ஜொகூரில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2017-லிருந்து மலேசிய ரப்பர் தோட்டங்களில் பெஸ்டலோசியோப்சிஸ் என்ற பூஞ்சை இலைகளை உதிர்த்து வருகிறது. செம்பனையின் அடித்தண்டை கனோடெர்மா என்ற பூஞ்சை அழுக வைக்கிறது. வார்ட் எச்சரித்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே பயிரை நடும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

அவர்கள் எதிர்பார்த்தது வேறு

துரைமார் வார்டிடம் எதிர்பார்த்தது விளக்கம் அல்ல, மருந்து.

மருந்து முயற்சிகள் முன்பே நடந்திருந்தன. பேராதனையில் உதவி இயக்குநராக இருந்த டேனியல் மோரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து மரங்களின் மேல் தூவிப் பார்த்தார். 1879-ல் அவர் ஜமைக்காவுக்கு மாறிப் போய்விட்டார். வார்டும் இந்த மருந்துகளை ஆராய்ந்தார். இலைக்கு வெளியே இருக்கும் வித்தை மருந்து கொல்லும். உள்ளே போய்விட்ட பூஞ்சையை அது தொட முடியாது. வெளியே தூவியதையும் அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். இலட்சக்கணக்கான ஏக்கரில், ஒவ்வொரு இலையின் அடிப்புறத்திலும், மழைக்கு மழை மருந்து தூவ யாரால் முடியும்?

வார்ட் உள்ளதை உள்ளபடி சொன்னார். நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து தம்மிடம் இல்லை என்றார். 1882-ல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஏமாற்றத்தோடு இருந்த துரைமாரிடம் விடைபெற்று ஊர் திரும்பினார்.

வரலாற்றில் சில தற்செயல்கள் நெஞ்சை உறுத்துகின்றன. அதே 1882-ல், பிரான்ஸ் நாட்டின் மெடோக் பகுதியில், மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் திராட்சைத் தோட்டங்களின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். அடிச்சாம்பல் நோயால் எங்கும் இலைகள் உதிர்ந்திருந்தன. சாலையோரத்துக் கொடிகளில் மட்டும் இலைகள் பச்சையாக நின்றன. விசாரித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அந்தக் கொடிகளில் தெளித்திருந்தார்கள். அதிலிருந்து பிறந்த ‘போர்டோ கலவை’யை மில்லார்டே 1885-ல் உலகுக்கு அறிவித்தார். பின்னாளில் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களைத் துருவிடமிருந்து காத்தது அந்தக் கலவைதான்.

இலங்கைக்கு அது கிடைத்திருக்க வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. 1885-க்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது?

1884 மே 3

அன்று ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் கதவைச் சாத்தியது.

இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்த வங்கி அது. தோட்டங்களில் காய்ப்பு இல்லை, கடன் திரும்பவில்லை. போதாக்குறைக்கு பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலையும் சரிந்திருந்தது. விலை ஏற்றம் இத்தனை காலம் மறைத்துவைத்த நோய் இப்போது கணக்குப் புத்தகத்தில் வெளிப்பட்டது.

அந்தக் காலத்தில் இலங்கையில் புழங்கிய காகிதப் பணம் வங்கிகள் அச்சடித்தது. ஓரியண்டல் வங்கியின் நோட்டு ஊரெங்கும் இருந்தது. ஒரே நாளில் அது செல்லாக் காகிதமாகும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று உடனே அறிவித்துப் பீதியைத் தணித்தார். அதற்குப் பிறகுதான் இலங்கை அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. ஒரு நாட்டின் நாணய முறையே மாறும் அளவுக்கு அந்தப் பூஞ்சை வேலை செய்திருந்தது.

1870-ல் இலங்கையிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் அந்தர் காப்பி ஏற்றுமதி ஆனது. 1890-ல் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பட்ட காப்பி மரங்களை வெட்டி, தேநீர் மேசைக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு. தாக்குப் பிடித்த துரைமார் சிங்கோனாவுக்கும், பிறகு தேயிலைக்கும் மாறினார்கள். 1875-ல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, இருபது ஆண்டுகளில் மூன்று இலட்சம் ஏக்கர் ஆனது.

இலங்கை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றன. காப்பி போனது, தேயிலை வந்தது, நாடு பிழைத்தது. நாம் அப்படி நகர்ந்துவிட முடியாது. தோட்டம் என்றால் மரமும் துரையும் வங்கியும் மட்டும் அல்ல.

பேரேட்டில் இல்லாத பெயர்கள்

தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மக்கள் இராமேசுவரக் கடற்கரைக்கு வந்தார்கள். தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் வறண்ட காட்டு வழியில் நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் தாகமும் வழியிலேயே பல உயிர்களைக் குடித்தன. காப்பி, பருவத்து வேலை. பழம் பறிக்கும் மாதங்களில் வருவார்கள், முடிந்ததும் பலர் ஊர் திரும்புவார்கள். ஆண்டுதோறும் அந்தச் சாவு வழியில் இரண்டு முறை நடந்தாக வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. 1877-ல் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த தோட்டங்கள் எவை? ஏற்கெனவே ஆரஞ்சுப் பொடி படிந்தவை, ஏக்கருக்கு இரண்டு அந்தருக்கு இறங்கியவை. பஞ்சத்திலிருந்து தப்பி வந்தவர்கள் சாகும் தோட்டத்தில் வந்து விழுந்தார்கள்.

கூலி மாதா மாதம் கைக்கு வருவதில்லை. பல மாதம் நிலுவை நிற்கும். அதுவும் பெரும்பாலும் கங்காணி வழியாக, அவரிடம் பட்ட கடன் கழிந்த பிறகு. தோட்டம் நொடித்தால் நிலுவை போனது போனதுதான். துரைக்குக் கடன் கொடுத்தவர் தோட்டத்தை எடுத்துக்கொள்வார். கங்காணிக்குக் கடன் கொடுத்தவர் கங்காணியைப் பிடிப்பார். பழம் பறித்தவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வங்கி இழந்ததை ஆய்வாளர்கள் பவுன் கணக்கில் எழுதிவைத்தார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டபோது கை தூக்கி நின்றவர்களின் இழப்பை எழுத ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை.

தேயிலை வந்தபோது அவர்கள் வாழ்க்கையும் மாறியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்துபோகும் ஆட்கள் போய், குடும்பத்தோடு லயத்தில் தங்கிவிடும் மக்கள் உருவானார்கள். மலையகத் தமிழர் என்று இன்று நாம் அழைக்கும் சமூகம் வேர் பிடித்ததற்கு அந்தப் பூஞ்சையும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாத் துரைமாரும் தேயிலைக்கு மாறவில்லை. சிலருக்குக் காப்பியை விட மனம் வரவில்லை. அவர்கள் கிழக்கே பார்த்தார்கள்.

கிழக்கே போகும் கப்பல்

வங்கக் கடலுக்கு அப்பால் மலாயா. காடு ஏராளம், நிலம் மலிவு, வருகிறவர்களை வரவேற்கும் அரசாங்கம். அங்கே போனவர்களில் ஒருவர் தாமஸ் ஹெஸ்லொப் ஹில். இலங்கைத் தோட்ட அனுபவத்தோடு வந்து, ரத்போர்ன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சாலை போட்டார், காப்பி நட்டார்.

அவர்கள் நம்பிக்கை ஒரு புது மரத்தின் மேல் இருந்தது. இலங்கையில் செத்தது அராபிக்கா. குளிர்ந்த மலையில் வளரும் மென்மையான செடி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கியூ தாவரவியல் பூங்கா வழியாக 1870-களில் இலங்கைக்கு வந்தது லிபெரிக்கா. கீழ்நாட்டு வெப்பம் அதற்குப் பிடிக்கும். நெடுநெடுவென்று மரமாகவே வளரும். இலை பெரியது, தடித்தது. துரு நோய் அதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அராபிக்காவைப் போல் அது அடியோடு சாய்ந்துவிடவில்லை. லிபெரிக்காவுக்குள் ஒளிந்திருந்த அந்த எதிர்ப்பு ஆற்றல், 1940-களில் கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘எஸ். 795’ என்ற அராபிக்கா இரகம் வழியாகப் பல நாட்டுத் தோட்டங்களைப் பிழைக்க வைத்தது. அது தனி அத்தியாயம், பிறகு வருவோம்.

லிபெரிக்கா மலாயாவின் தாழ்நிலத்தில் வேர் பிடித்தது. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காடு விழுந்தது, காப்பி எழுந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தமிழர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். அதுவரை மலாயாவின் கரும்புத் தோட்டங்கள் அறிந்தது ஒப்பந்தத்தில் கட்டிவந்த சஞ்சிக்கூலி முறையை. இலங்கைத் துரைமாரோ கங்காணி முறையில் பழகியவர்கள். கங்காணி தன் ஊருக்குப் போவார், உறவையும் அக்கம்பக்கத்தையும் திரட்டி வருவார். பின்னாளில் ரப்பர் தோட்டங்களை நிரப்பியது அந்த முறைதான். யோங் பெங்கைச் சுற்றியிருந்த லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் வழித்தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தால், இந்தக் காப்பிக் காலத்தில் போட்ட பாதையில்தான் போய் முட்டும்.

1890-களின் தொடக்கம். காப்பி விலை மீண்டும் ஏறியது. தோட்டம் வாங்க ஆட்கள் போட்டி போட்டார்கள். இலங்கையில் இழந்ததை மலாயாவில் மீட்டுவிட்டோம் என்று துரைமார் நம்பினார்கள். வார்ட் சொன்னது மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை. இங்கேயும் காட்டை மழித்தார்கள். இங்கேயும் கண்ணுக்கு எட்டிய வரை ஒரே பயிர்.

அவர்கள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சுப் பொடி இருக்கிறதா என்பதற்கு. இருந்தது; ஆனால் மரங்கள் தாங்கிக்கொண்டன. பயம் தணிந்தது.

பிறகுதான் சிலாங்கூர்த் தோட்டங்களில் அது தொடங்கியது. நேற்று வரை அடர்ந்து நின்ற காப்பி வரிசைகளில் வெறும் குச்சிகள் நின்றன. மஞ்சள் புள்ளி இல்லை. தரையில் உதிர்ந்த இலைகள் இல்லை. பொடி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கக் கிளையில் ஓர் இலையும் மிச்சமில்லை.

இந்த முறை வந்த எதிரி காற்றில் மிதக்கவில்லை. அதற்கு வாய் இருந்தது. பிறகு சிறகும் முளைத்தது.

(தொடரும்)